பின்சாய்கோடும் பாடபேதமும்: கட்டளைவரிக் கருவிகள் பற்றித் தமிழாய்வாளருக்கு ஒரு விளக்கம்

இலக்கிய ஆய்விலே எண்ணிக்கைக்கு இடமுண்டு என்பது இன்று புதிதாக நிறுவப்பட வேண்டிய கருத்தன்று. பேராதனையிற் பயின்ற பேராசிரியர் க. கைலாசபதி, பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிற் செய்த ஆய்வு 1968ஆம் ஆண்டில் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக நூலுருப் பெற்றது. சங்கச் செய்யுள்கள் வாய்மொழிப் பாணர் மரபிலிருந்து எழுந்தவை என்பதற்கு அந்நூல் காட்டும் சான்றுகளுள் ஒன்று, ஒரே தொடர் செய்யுள்தோறும் மீளமீள வருதலாகும். மில்மன் பரியும் அல்பேட் லோர்டும் ஹோமரின் காவியங்களையும் யூகோஸ்லாவியப் பாணரின் பாடல்களையும் கொண்டு வகுத்த வாய்பாட்டுக் கொள்கை தமிழுக்குப் பொருத்தப்பட்ட இடம் அது. மீளவருதலை நிறுவ எண்ண வேண்டும். எண்ணுவதற்குப் பாடம் நிலைபெற்றிருக்க வேண்டும். பழைய பதிப்பாசிரியர் ஏட்டுக்கு ஏடு வேறுபடும் பாடங்களோடு மல்லுக்கட்டியதன் பயன் நமக்கு இங்கேதான் தெரிகிறது.

இன்று அத்தகைய தொடரொன்றைத் தேடும் மாணவருக்கு வேண்டியன மின்வடிவிலான ஒரு நூலும், கணனித் திரையில் தட்டச்சிடும் ஒரு வரிக் கட்டளையுமே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகம் வலைத்தளமும் நூல்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. கட்டளைக் கருவிகளோ விலையின்றிக் கிடைக்கின்றன. ஆயின் இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. பேராதனையில் லினக்ஸ் பூட்டிய கணனியொன்றில் ஒரு மாணவர் தோட்டப்புறப் பாடல்களிலிருந்து சொல்லடைவு ஒன்றைத் தயாரிக்கும் கட்டளைக் கோப்பை எழுதி முடிக்கிறார் எனக் கொள்வோம். அதே கோப்பை அதே பாடல்களோடு கண்டி நகரிலுள்ள நண்பரின் மக்கின்ரோஷ் மடிக்கணனியில் இயக்குகிறார். சொற்றொகை வேறாக வருகிறது. பாடத்தில் எவரும் கை வைக்கவில்லை. கட்டளையிலும் ஓரெழுத்தேனும் மாறவில்லை. எனினும் இரண்டு விடைகள் நம்முன் நிற்கின்றன.

இத்தகைய வேறுபாடுகளிற் பெரும்பாலானவை ஒரு சிறிய கோட்டிலே பிறக்கின்றன. இடப்புறம் சாய்ந்து நிற்கும் பின்சாய்கோடு (\) அது. இதனை யார் எவ்வாறு வாசிக்கிறார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பொறியியலாளரிடம் விட்டுவிடத்தக்க விடயம் இது என்று கூறுவோர் உளர். அச்சகத்தாரிடம் விட்டுவிடத்தக்கது என்று பாடபேதத்தைப் பற்றி நம் முன்னோர் கூறவில்லை. (கட்டளைகளில் வரும் ஆங்கில எழுத்துக்களை இங்கு அவற்றின் பெயரால் தமிழிலேயே எழுதுகிறேன். \என், \ரி, \பி என்பன பின்சாய்கோட்டை அடுத்து அவ்வவ் ஆங்கிலச் சிற்றெழுத்து நிற்பதைக் குறிக்கும்.)

இக்கருவிகளின் பிறப்பு நமக்கு அந்நியமான இடத்தில் நிகழ்ந்ததன்று. யுனிக்ஸ் என்னும் இயங்குதளம் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டளவில் உருவாகத் தொடங்கியது. அங்கிருந்த லீ மக்மாஹன் என்பவர், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787–88இல் புனைபெயரில் வெளிவந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எவரெவர் எழுதினர் என்று ஆராய விரும்பினார். அக்கட்டுரைகள் அன்றைய பதிப்பிக்கும் நிரலுக்கு அடங்காத அளவிற் பெரியனவாயிருந்தன. அதனால் அந்நிரலின் தேடும் உறுப்பை மட்டும் கென் தொம்சன் (ஜோர்ஜ் தொம்சனுக்கு உறவினர் அல்லர்) தனியே பிரித்தெடுத்து 'கிரெப்' என்னும் கருவியாக்கினார். மக்மாஹன் தாமே பின்னர் 'செட்' என்னும் திருத்தற் கருவியை இயற்றினார். கிரெப் தேடும், செட் மாற்றும், 1977இல் வந்த 'ஓக்' வரியைக் கூறுகளாக்கி எண்ணும். ஆகவே நூலாசிரியர் யார் என்ற இலக்கியப் பிரச்சினையே இக்கருவிகளின் தாய்வீடு. நம் துறையார் இவற்றைக் கண்டு கூசுவதற்கு நியாயமில்லை.

இனி, பின்சாய்கோடு செய்வது யாது? தட்டச்சுப் பலகையிலுள்ள எழுத்துக்களைக் கொண்டே, அப்பலகையில் எழுத்தாகக் காட்டமுடியாதவற்றையும் குறிக்க வேண்டியுள்ளது. புதிய வரி தொடங்கும் இடம் ஓர் எழுத்தன்று. ஆயினும் கோப்பினுள் அதற்கும் ஒரு குறி உண்டு. சொற்பட்டியலில் நிரல்களைப் பிரிக்கும் தத்தல் இடைவெளியும் அவ்வாறே. இவற்றைச் சுட்ட, 'அடுத்து வரும் எழுத்தை எழுத்தாகக் கொள்ளாதே' என்னும் முன்னெச்சரிக்கையாகப் பின்சாய்கோடு இடப்படுகிறது. \என் என்பது புதுவரி. \ரி என்பது தத்தல். அடுத்த எழுத்தை அதன் வழக்கமான பொருளிலிருந்து விடுவிப்பதால் இதனை விடுபடு தொடர் என்கிறோம். அதே கோடு எதிர்த்திசையிலும் தொழிற்படும். தேடற் கோலத்தில் 'எவ்வெழுத்தாயினும்' என்று பொருள்படும் முற்றுப்புள்ளியின் முன் அதனை இட்டால், புள்ளி வெறும் புள்ளியாகி விடும். ஆக, இக்குறிக்குத் தனக்கென ஒரு பொருளில்லை. அடுத்து நிற்பதன் பொருளை மாற்றுவதே அதன் தொழில்.

தமிழ் மாணவருக்கு இது புதிய அனுபவமாக இருத்தலாகாது. நம் புள்ளி அத்தகையதே. மெய்யின் மேல் நின்று அகரத்தை நீக்குவது அதன் ஒரு தொழில். தொல்காப்பியர் காலத்தில் எகர ஒகரங்களின் மேல் நின்று அவை குறில் என்று காட்டியதும் அப்புள்ளியே. பின்னர் ஓலையில் எழுதியோர் புள்ளியை விட்டனர். எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்பதை வாசிப்போன் தன் பயிற்சியாற் கண்டுகொண்டான். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குச் சுழி இட்ட பின்னரே ஏகாரமும் ஓகாரமும் கண்ணுக்குப் புலனாயின. குறியின் பொருள் குறியில் இல்லை, வாசிப்போனிடம் உண்டு என்பதற்கு ஓலைச்சுவடி நல்ல சான்று. கணனியின் நிலையும் அதுவே. ஆனால் அங்கு வாசிப்போர் பலர். நாம் தட்டச்சிடும் கட்டளையை முதலில் ஷெல் என்னும் உரைபெயர்ப்பி வாசிக்கிறது. அது எஞ்சவிட்டதைக் கருவி வாசிக்கிறது. கருவிக்குள்ளே தேடற் கோலத்தை ஆளும் பகுதி மீண்டும் வாசிக்கிறது. ஒவ்வொருவரும் பின்சாய்கோட்டில் தம் பங்கை எடுத்துக்கொண்டு மிகுதியை அடுத்தவருக்கு அனுப்புகின்றனர். ஒருவர் அதிகம் எடுத்தால் அடுத்தவருக்குக் குறைந்துபோகும்.

மிக எளிய கருவியிலிருந்தே தொடங்கலாம். 'எக்கோ' என்பது கொடுத்ததைத் திருப்பிக் கூறுவது, அவ்வளவே. ஒரு சொல், \ரி, அதன் எண்ணிக்கை என்று அதனிடம் கொடுத்தால் சில கணனிகளில் இரண்டு நிரல்கள் வரும். வேறு சிலவற்றில் பின்சாய்கோடும் அந்த ஆங்கில எழுத்தும் அப்படியே அச்சாகும். இதன் காரணத்தை அறிய அமெரிக்கத் தொலைபேசி ஏகபோகத்தின் வரலாற்றுக்குச் செல்ல வேண்டும். பெல் ஆய்வுகூடத்தின் உடைமையாளரான ஏ.ரி. அன்ட் ரி. கொம்பனி, 1956இல் அந்நாட்டு அரசோடு செய்துகொண்ட நீதிமன்ற இணக்கத்தின்படி தொலைத்தொடர்புக்கு அப்பாற்பட்ட வணிகத்தில் ஈடுபட முடியாதிருந்தது. அதனால் யுனிக்ஸ் விற்பனைப் பண்டமாகாமல் குறைந்த கட்டணத்திற் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. கலிபோர்னியாவின் பேர்க்லி வளாகத்தில் அது பி.எஸ்.டி. என்னும் தனிக் கிளையாக வளர்ந்தது. 1984 ஜனவரி முதலாந் திகதி கொம்பனி துண்டாடப்பட்டபோது பழைய தடை நீங்கியது. யுனிக்ஸ் முழுமையான பண்டமாயிற்று. சிஸ்டம் ஃபைவ் எனப்பட்ட வணிகக் கிளையும் பேர்க்லிக் கிளையும் போட்டிப் பொருள்களாயின.

இக்கிளைகளின் எக்கோக்கள் வெவ்வேறு. 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பிலிருந்து வந்த பேர்க்லி வழக்கில் எக்கோ விடுபடு தொடர்களை வாசிப்பதில்லை. புதுவரி வேண்டாம் என்பதற்கு ஒரு தெரிவுக்குறி மட்டும் உண்டு. சிஸ்டம் ஃபைவ் வழக்கில் எக்கோவே அவற்றை வாசிக்கும். பின்னர் பொசிக்ஸ் என்னும் பொது நியமம் வகுக்கப்பட்டது. அதன் முதற் பகுதி 1988இலும் ஷெல்லும் கருவிகளும் பற்றிய பகுதி 1992இலும் வெளிவந்தன. எக்கோவுக்குக் கொடுப்பதில் பின்சாய்கோடு இருப்பின் விளைவு அவரவர் கருவியைப் பொறுத்தது என்று நியமம் கூறிற்று. போட்டியாளர் இருவரும் விட்டுக்கொடுக்காத இடத்தில் நியமம் எழுதுவோர் கையாளும் வாசகம் இது. தொழிற்சங்க உடன்படிக்கைகளை வாசித்தவர்க்கு இதன் தொனி பழக்கமானதே.

இது பழங்கதை என்று எண்ண வேண்டியதில்லை. உபுண்டு லினக்ஸ் 2006 ஒக்ரோபரிலே தன் அடிப்படை ஷெல்லை 'பாஷ்' என்பதிலிருந்து 'டாஷ்' என்பதற்கு மாற்றியது. பாஷின் எக்கோ வழக்கமாக விடுபடு தொடர்களை வாசிப்பதில்லை. டாஷின் எக்கோ வாசிக்கும். ஆகவே ஒரே கணனியில், ஒரே மேசையில், கட்டளையை நேரே தட்டச்சிட்டால் ஒரு விடையும் கோப்பில் இட்டு இயக்கினால் வேறு விடையும் வரலாம். இதற்கு நியமம் காட்டும் வழி 'பிரின்ட்எஃப்' என்னும் வேறொரு கருவி. அதன் அச்சு வாய்பாட்டில் \என், \ரி ஆகியன எங்கும் ஒரே பொருளுடையன. பாடத்தை மட்டும் அவ்வாய்பாட்டுக்குள் இடலாகாது. தனியே கொடுக்க வேண்டும். பாடத்தில் வரும் நூற்றுவீதக் குறியையோ பின்சாய்கோட்டையோ அது கட்டளையாக எண்ணிவிடும்.

பிரின்ட்எஃப்பிலும் ஒரு பொறி உண்டு. எண்மடி முறையில், அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண்களால், எழுத்தொன்றைக் குறிக்கலாம். ககரத்தை \340\256\225 என எழுதினால் எல்லா இடத்தும் ககரமே வரும். கணனி 'க' என்பதை மூன்று பைட்டுகளாகச் சேமிப்பதால் மூன்று எண்கள். ஆனால் சிஸ்டம் ஃபைவ் வழி வந்த எக்கோவில் இவ்வெண்களின் முன் ஒரு சுழியமும் வேண்டும். அந்தப் பழக்கத்தில் \0340 என்று பிரின்ட்எஃப்பின் வாய்பாட்டில் எழுதினால், அது மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டு 034ஐக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறியாகவும் எஞ்சிய சுழியத்தை வெறும் சுழியமாகவும் அச்சிடும்.

செட் கருவிக்கு வருவோம். சொல்லடைவு செய்பவரின் முதற்படி பாடத்தை வரிக்கு ஒரு சொல்லாக உடைப்பது. இடைவெளியை \என் ஆக மாற்று என்று கட்டளையிட்டால் குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் செட் (லினக்ஸில் உள்ளது இதுவே) சொன்னபடி செய்யும். பேர்க்லி மரபின் செட் நெடுங்காலம் அவ்வாறு செய்யவில்லை. மாற்றீட்டுப் பகுதியில் \என் புதுவரியாகும் என்று நியமம் கூறாததால், அது பின்சாய்கோட்டை உதிர்த்து, 'என்' என்ற ஆங்கில எழுத்தைச் சொற்களுக்கிடையே செருகியது. நியமம் கேட்பது பின்சாய்கோட்டை அடுத்து உண்மையாகவே ஒரு புதிய வரியைத் தட்டச்சிடுவதை.

தமிழ் எழுத்திலுள்ள பாடமாயின் இத்தவறு உடனே கண்ணில் படும். தமிழ்ச் சொற்களுக்கிடையே ஆங்கில எழுத்து துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் ஜேர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது போல, சங்க நூல்கள் உரோம ஒலிபெயர்ப்பிலும் கணனிக்குள் ஏறியுள்ளன. அங்கே அதே எழுத்து னகரமாகவும் வாசிக்கப்படும். 'அவன் வந்தான்' என்பது 'அவன்ன்வந்தான்' ஆகிவிடும். புணர்ச்சியில் மெய் இரட்டித்ததோ என்று இலக்கணம் கற்றவன்தான் முதலில் மயங்குவான். ஏடெழுதியவனின் இடைச்செருகலுக்கு ஒரு நோக்கம் இருந்தது. இங்கே நோக்கமில்லாத இடைச்செருகல் நிகழ்கிறது. அதனாலேயே அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

\பி என்பதன் நிலை இன்னும் விசித்திரமானது. பிரின்ட்எஃப்பிலும் ஓக்கிலும் அது ஓரெழுத்துப் பின்செல்லும் குறி. குனூவின் கிரெப்பிலும் செட்டிலும் அது சொல்லின் எல்லை. ஓக்கில் அவ்வெழுத்துக்கு ஏற்கெனவே வேறு தொழில் இருந்தமையால் குனூவின் ஓக் சொல்லெல்லைக்கு \வை என்று வேறொன்றை வைத்துக்கொண்டது. பேர்க்லி மரபோ சொல்லின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சதுர அடைப்புக்குள் அமைந்த வேறு குறிகளைக் கொண்டது. பேர்ள் மொழியில் \டி என்பது எண் இலக்கம். அப்பழக்கத்தில் ஒருவர் கிரெப்பிடம் நான்கு முறை \டி என்று எழுதி, நூலில் வரும் ஆண்டுகளைத் தேடுகிறார். சாதாரணக் கிரெப்புக்கு அது பொருளற்ற தொடர். பழைய பதிப்புகள் பின்சாய்கோட்டைக் கைவிட்டு 'டி' என்ற ஆங்கில எழுத்தைத் தேடின. தமிழ் நூலில் அவ்வெழுத்து இல்லை. எனவே விடை: ஒன்றுமில்லை. நூலில் ஆண்டுக் குறிப்புகளே இல்லை என்ற 'கண்டுபிடிப்பு' அச்சேற இது போதும். 2022இல் வந்த குனூ கிரெப்பின் 3.8ஆம் பதிப்பு, இத்தகைய அநாதைப் பின்சாய்கோடுகளைக் கண்டால் எச்சரிக்கத் தொடங்கியது. அதுவரை அரைநூற்றாண்டு மௌனம்.

சொல் என்றால் என்ன, எழுத்து என்றால் என்ன என்ற கேள்வி இங்கு நேரே எழுகிறது. 'சொல்லில் வரத்தக்க எழுத்து' என்று பொருள்படும் ஒரு விடுபடு தொடர் பேர்ளிலும் உண்டு, பைதனிலும் உண்டு, வடிவம் ஒன்றே. பேர்ள், தமிழின் துணைக்குறிகளையும் புள்ளியையும் சொல்லுக்கு உரியனவாகக் கொள்கிறது. பைதனின் வழக்கமான தேடல் நூலகம் அவற்றை எழுத்தாகக் கொள்வதில்லை. அதனிடம் 'கண்டி' என்ற ஊர்ப்பெயரைக் கொடுத்தால் 'கண', 'ட' என இரண்டு சொற்களாக உடைத்துத் தரும். புள்ளியும் இகரக் குறியும் சொல்லிடைவெளியாகிப் போயின. நம் நகரம் கணனிக்குள் இவ்வாறு இரண்டாகப் பிளப்பதைக் கண்டு சிரிக்கலாம். ஆனால் பத்தாயிரம் சொற்களின் நடுவே 'கண' என்பது எத்தனை முறை வருகிறது என்று எண்ணியவருக்குச் சிரிக்க இயலாது.

இந்த அலட்சியத்துக்கு ஒரு வேர் உண்டு. 1986இல் ஜோன் பென்ட்லி என்பவரின் பத்தியொன்றில், ஒரு கோப்பில் மிகுதியாக வரும் சொற்களைப் பட்டியலிடும் பணிக்கு டொனால்ட் க்னூத் நீண்ட நிரலொன்றை எழுதினார். அதனை மதிப்பிட்ட டக் மக்கில்ரோய், அதே பணியை ஆறு கட்டளைகளைக் கோத்து முடித்துக் காட்டினார். கருவிகளின் வல்லமைக்கு உதாரணமாக இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் முதற் கட்டளை, ஆங்கில அரிச்சுவடியின் எழுத்துக்கள் அல்லாத அனைத்தையும் புதுவரியாக மாற்று என்பது. பொன்னியின் செல்வனை முழுமையாக அதனிடம் கொடுத்தாலும் எஞ்சுவது வெற்று வரியே. இதில் எவரது தீய எண்ணமும் இல்லை. தன் மொழியையே மொழி என்று கொள்ளும் சமூகத்தின் இயல்பான பார்வை கருவிக்குள் உறைந்து கிடக்கிறது, அவ்வளவே. அதற்கு எதிர்வினையாகத் தமிழே கணனிக்கு மிகப் பொருத்தமான மொழி என்று மேடைகளில் முழங்குவதாற் பயனொன்றும் விளையாது.

'கண்டி' என்பதில் எத்தனை எழுத்துக்கள் என்ற கேள்விக்கும் மூன்று விடைகள் உண்டு. நன்னூல் கற்ற சிறுவனுக்கு மூன்று: க, ண், டி. யுனிகோட் முறைக்கு ஐந்து: புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி. கோப்பிலுள்ள பைட்டுகளோ பதினைந்து. 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்த யூ.ரி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மும்மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 'எவ்வெழுத்தாயினும்' என்ற புள்ளிக் குறி இவற்றுள் எதைப் பிடிக்கும் என்பது கணனியின் மொழி–இட அமைவைப் பொறுத்தது. அமைவு ஆதிகால 'சி' என்றிருந்தால் பைட். இலங்கைத் தமிழ் என்றிருந்தால் யுனிகோட் குறி. நன்னூலின் எழுத்து எந்த அமைவிலும் தானாக வருவதில்லை.

இவ்விடத்தில் எழுத்துப் பெயர்க்கும் கருவியாகிய 'ரி.ஆர்.' என்பதைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். ஆபத்து மிகுதியும் இங்கேதான். ஓர் எழுத்துத் தொகுதியை மற்றொன்றாக மாற்றுவது அதன் தொழில். பழைய அச்சுப்பிரதிகள் சிலவற்றில் எகர ஏகார வேறுபாடு ஒழுங்காகக் காட்டப்படவில்லை. அவற்றைப் பிற்காலப் பிரதிகளோடு ஒப்பிட விரும்பும் ஆய்வாளர், ஒப்பீட்டுக்காக மட்டும் எல்லா ஏகாரக் குறிகளையும் எகரக் குறிகளாக்கிக் கொள்வது முறையான உபாயமே. கருவியிடம் ஏகாரக் குறி, எகரக் குறி என இரண்டையும் கொடுக்கிறார். பேர்க்லி வழிவந்த கருவி, யூ.ரி.எஃப்-8 அமைவில், குறியைக் குறியாக எண்ணி மாற்றும். குனூவின் ரி.ஆர். நெடுங்காலமாகப் பைட்டுகளை மட்டுமே அறியும். ஏகாரக் குறி அதற்கு 224, 175, 135 என்ற மூன்று பைட்டுகள். எகரக் குறி 224, 175, 134. முதலிரண்டும் ஒன்றே, ஆகவே கட்டளையின் பொருள், கோப்பில் எங்கெங்கு 135 வரினும் அதனை 134 ஆக்கு என்பதாகிறது. \340\257\207 என எண்மடி எண்களால் எழுதினாலும் கதை இதுவே. இவ்வாறு அடுக்கிய எண்களைச் சேர்த்து ஓரெழுத்தாகக் கொள்ள வேண்டும் என்று நியமம் கூறுகிறது. கருவி தனித்தனியாகக் கொள்கிறது.

இப்போது இகர உயிரெழுத்தைக் கவனிக்க. அது 224, 174, 135. ஆகாரம் 224, 174, 134. எனவே அக்கட்டளை ஏகாரக் குறியை எகரமாக்கும் அதே வேளையில், சொன்முதல் இகரங்களையெல்லாம் ஆகாரமாக்கிவிடும். 'இல்லை' என்பது 'ஆல்லை' ஆகும். அதை எவரும் பிழை என்று கண்டுகொள்வர். ஆனால் 'இசை' என்பது 'ஆசை' ஆகும். 'இணை' என்பது 'ஆணை' ஆகும். 'இலை' என்பது 'ஆலை' ஆகும்.

இந்த இறுதி உதாரணத்தை விளையாட்டுக்காகக் கூறவில்லை. 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து, மலையக மக்களின் உழைப்பு இலைக்கும் ஆலைக்கும் இடையே பகுக்கப்பட்டு வந்துள்ளது. மலையில் கொழுந்து எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். ஆலைக்குள் அரைப்பதும் உலர்த்துவதும் வேறு வகை உழைப்பு, வேறு வகைக் கண்காணிப்பு. தோட்டப்புறப் பாடல்களில் ஆலையின் அனுபவம் எவ்வளவு பதிந்துள்ளது என்பது வர்க்க உணர்வின் உருவாக்கத்தை ஆராய்வோர் நியாயமாகக் கேட்கத்தக்க கேள்வி. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அரிதின் முயன்று தொகுத்தவை அளவிற் பெரியனவல்ல. சிறிய தொகுதியில் ஐந்தாறு 'ஆலை'கள் கூடினாலோ குறைந்தாலோ முடிவு தலைகீழாகும். ஒரு பைட் மாறியதால் இலை ஆலையாகி, அந்த ஆலையை ஆதாரமாகக் கொண்டு ஒரு கோட்பாடு எழுந்துவிடக் கூடும். இலையை ஆலைக்குக் கொண்டு செல்ல உண்மையில் வேண்டியிருந்த உழைப்பை நினைக்கும்போது இது கசப்பான நகைச்சுவைதான்.

மாற்றாமல் நீக்குவதாயின் கேடு வெளிப்படையானது. ஓலைப் பாடத்தோடு ஒப்பிடுவதற்காகப் புள்ளிகளை மட்டும் நீக்கு என்று குனூ ரி.ஆர்.இடம் கூறினால், அது புள்ளியின் முதற் பைட்டாகிய 224ஐயும் சேர்த்து நீக்கும். தமிழின் எல்லாக் குறிகளுக்கும் முதற் பைட் அதுவே. கோப்பு முழுவதும் குப்பையாகும். இது ஒருவகையில் நல்லது, அழிந்தது தெரிந்துவிடுகிறது. இவ்விரு வேலைகளையும் செட் கொண்டு, யூ.ரி.எஃப்-8 அமைவில், விடுபடு தொடரின்றி அக்குறிகளையே நேரே தட்டச்சிட்டுச் செய்தால் இரு மரபுகளிலும் ஒரே விடை வரும்.

உடைமை உறவுகள் எழுத்துவரை வந்து எட்டுவதற்கு மக்கின்ரோஷ் மற்றோர் உதாரணம். யுனிகோட் எண்ணைக் கொண்டு எழுத்தைக் குறிக்கும் \யூ என்ற தொடரைப் பாஷ் 2011இல் வந்த 4.2ஆம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. அப்பிள் கொம்பனி தன் கணனிகளில் வைத்திருப்பதோ அதற்கு முந்திய 3.2ஆம் பதிப்பு. பின்வந்த பதிப்புகள், 2007இல் திருத்தப்பட்ட குனூ பொது உரிமத்தின் மூன்றாம் வடிவின்கீழ் வெளியாயின. பயனர் தம் கருவியைத் திருத்தி இயக்கும் உரிமையைப் பொருள் விற்போர் தடுக்கலாகாது என்று வற்புறுத்தும் உரிமம் அது. அதனை ஏற்க விரும்பாமையே பழைய பதிப்போடு நின்றதற்குக் காரணம் என்பது பரவலான கருத்து. 2019இல் அக்கொம்பனி வழக்கமான ஷெல்லையே 'இசட் ஷெல்' என்பதற்கு மாற்றிவிட்டது. அதில் \யூ இயங்கும். ஆனால் பாஷுக்கென எழுதிய கோப்பு இன்றும் அங்கே பழைய பாஷினாலேயே வாசிக்கப்படும். அப்போது லினக்ஸில் ககரமாக வருவது அங்கே பின்சாய்கோடும் எண்ணுமாக நிற்கும். உரிமப் பத்திரமொன்றின் வாசகத்துக்கும் ஒரு தமிழ் எழுத்து திரையில் தோன்றுவதற்கும் உள்ள தொடர்பை இவ்வளவு நேரடியாகக் காட்டும் உதாரணம் வேறு கிடைப்பது அரிது.

நடைமுறையில் செய்யத்தக்கவை சில உள. கட்டளைக் கோப்புகளில் எக்கோவைத் தவிர்த்துப் பிரின்ட்எஃப்பைக் கொள்ளலாம். சொற்களை வரிக்கொன்றாக்கச் செட்டின் \என்னை நம்பாமல் ரி.ஆர். கொண்டு இடைவெளியை \012 ஆக மாற்றலாம். இடைவெளியும் புதுவரியும் ஒற்றைப் பைட்டுகளாதலின் அங்கே அக்கருவியால் தீங்கில்லை, அவ்வெண்ணும் எங்கும் ஒரே பொருளுடையது. தமிழ்ச் சொல்லின் எல்லையைக் கருவியின் தீர்மானத்துக்கு விடாமல், பாடத்தை முதலிலேயே வரிக்கொன்றாக்கிய பின் முழுவரியோடு ஒப்பிடுவது பாதுகாப்பானது.

பதிப்பாசிரியர் தாம் கண்ட ஏடுகளை முன்னுரையில் குறிப்பது போல, எண்ணிக்கையை வெளியிடுவோர் மூலக்கோப்பு, கருவியின் பெயர், அதன் மரபு, பதிப்பெண், ஷெல், மொழி–இட அமைவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கட்டளைக் கோப்பையும் பின்னிணைப்பாகத் தர வேண்டும். கைலாசபதி எடுத்துக்காட்டிய வாய்பாடுகளைப் புறநானூற்றிலும் அகநானூற்றிலும் மீளத் தேட முற்படும் மாணவர், அத்தேடலை லினக்ஸிலும் மக்கின்ரோஷிலும் ஒரு முறை வீதம் செய்து, இரு விடைகளும் பொருந்தாத இடங்களை ஒவ்வொன்றாக நூலிற் பார்க்க வேண்டும். அப்பட்டியல் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஒரு மாலைப்பொழுது போதும்.